கழிப்பறை என்று எழுதியிருந்த இடம்

பல சனிக்கிழமைகள் முட்டி போட்டு உட்கார்ந்து, கரணையால் நகக்கண் அளவாகச் சுரண்டிச் சுரண்டி இறக்கிய குழியை, கடைசியில் நாங்களே மண்வெட்டி பிடித்து மூடினோம். தோண்டியது கோடையில், மூடியது இலையுதிர் காலத்தில். முதல் வருடம் இதைப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறோம், அதை எல்லோரும் பார்க்கும்படி வைக்காமல் மறுபடி புதைப்பதற்கு எதற்கு இத்தனை பேர், இத்தனை சல்லடை, இத்தனை உண்ணிக்கடி? இந்தக் கேள்வியோடு மூன்று வருடம் காரோட்டியிருக்கிறேன். பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கேள்வி கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இடம் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சின்ன கிராமம். பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் பிறகு. ஒரு பழைய நீதிமன்றக் கட்டடம், ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் நிலையம், அவற்றுக்கு எதிரே வேலி போட்ட ஒரு புல்வெளி. அந்தப் புல்வெளிதான் நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கும் டாவர்ன், அதாவது வழிப்போக்கர்களுக்குக் காசு வாங்கிச் சாப்பாடும் மதுவும் படுக்கையும் கொடுத்த பழைய காலத்து விடுதி. கட்டடம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. மண்ணுக்கடியில் செங்கல் அடித்தளம் இருக்கிறது, அதன் மேல் புல், புல்லை வெட்ட முறை வைத்து வரும் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ஒரு தச்சர், ஒரு பள்ளி நூலகர், இரண்டு தாதிகள், முப்பது வருடம் இதே வேலையாக இருந்த ஒரு தொல்லியலாளர் அம்மையார். அப்புறம், வார நாட்களில் மென்பொருளில் பிழை தேடுகிற நான்.

அம்மாவிடம் தொலைபேசியில் இதை விளக்கியதுதான் பெரிய கூத்து. “சாராயக்கடையைக் காப்பாத்தவா லீவு நாள்ல ஒன்றரை மணி நேரம் காரு ஓட்டிட்டுப் போற?” என்றார். சாராயக்கடை இல்லை அம்மா, சத்திரம் மாதிரி என்றேன். “சத்திரம்னா காசு வாங்க மாட்டாங்களே” என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் திறக்கவில்லை. டாவர்ன் என்பதற்கு இன்றுவரை ஒரு தமிழ்ச் சொல் எனக்குச் சிக்கவில்லை. வர்ஜீனியாவிலேயே அந்தக் காலத்தில் பலரும் அதை டாவர்ன் என்று சொன்னதில்லை, ‘ஆர்டினரி’ என்றார்கள். குறித்த நேரத்தில் குறித்த விலைக்கு எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போடுகிற இடம் என்ற பொருளில் வந்த பெயர். குளோஸ்டர் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ‘ஆர்டினரி’ என்றே ஓர் ஊர் இன்னும் இருக்கிறது. ஆர்டினரி பஸ்ஸில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சிரிப்பு வரும்.

உள்ளே நடந்ததும் அப்படித்தான், ஆர்டினரி. உரிமம் கொடுத்தது கவுன்டி நீதிமன்றம். சாப்பாட்டுக்கு என்ன விலை, ஒரு குவளை மதுவுக்கு என்ன விலை, குதிரைக்குத் தீவனம் என்ன விலை என்று நிர்ணயித்ததும் அதே நீதிமன்றம்தான். சில விலைப்பட்டியல்களில் “சுத்தமான விரிப்புடன் படுக்கை” என்று தனியாகவே ஒரு வரி வரும். அப்படியென்றால் மற்ற படுக்கைகளின் விரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஆளோடு ஒரே கட்டிலில் படுப்பதும் சாதாரணம். மாதத்துக்கு ஒரு முறை நீதிமன்றம் கூடும் நாளில் சுற்றுவட்டாரமே அங்கே வந்து இறங்கும். வழக்கு, கடன், குதிரை வியாபாரம், அரசியல், வம்பு எல்லாம் அந்த ஒரு கூரையின் கீழ். 1774இல் பிரிட்டிஷ் ஆளுநர் வர்ஜீனியா சட்டமன்றத்தைக் கலைத்தபோது, உறுப்பினர்கள் நேராகப் போய்க் கூடிய இடம் அன்றைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கின் ராலே டாவர்ன். அதனால்தான் அமெரிக்கர்களுக்கு டாவர்ன் என்றாலே கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிடுகிறது. விடுதலை அங்கேதான் பிறந்தது என்று ஒரு பிடிப்பு.

எழுப்பிவிடலாம் என்ற ஆசை

நான் சேர்ந்தபோது குழுவுக்குள் ஒரு சண்டை ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது. தச்சரும் வேறு சிலரும் டாவர்னைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றார்கள். பழைய அடித்தளத்தின் மேலேயே, அந்தக் காலத்து மரவேலையோடு, கணப்படுப்போடு. பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், நன்கொடை வரும். தொல்லியலாளர் வேண்டாம் என்றார். நான் சந்தேகமே இல்லாமல் தச்சர் பக்கம் நின்றேன். புல்வெளியைக் காட்டி இதுதான் வரலாறு என்றால் யார் நம்புவார்கள்?

எங்கள் பக்கத்துக்குப் பெரிய பெரிய முன்னுதாரணங்கள் இருந்தன. ராலே டாவர்னே 1859இல் எரிந்துபோனதுதான். அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்து, பழைய படத்தையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு, கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் மறுபடி கட்டி 1932இல் திறந்தார்கள். இன்று அதற்குள் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தொண்ணூற்றுச் சொச்சம் வயதுக் கட்டடம் என்று உறைக்கும்? மிச்சி டாவர்னை 1927இல் அக்கு அக்காகப் பிரித்து, பதினேழு மைல் தூக்கிக்கொண்டு போய், முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகைக்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே டாவர்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அருமையான யோசனை. நியூயார்க்கின் ஃப்ரான்சஸ் டாவர்னில் 1783 டிசம்பர் 4 அன்று, விடுதலைப் போரில் படையை நடத்திய வாஷிங்டன் தன் அதிகாரிகளிடம் விடைபெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பலமுறை தீப்பிடித்து, பலமுறை மாற்றிக் கட்டப்பட்டு, மூல முகம் எப்படி இருந்தது என்றே தெரியாத நிலைக்குப் போயிருந்தது. 1907இல் முடிந்த புதுப்பிப்பில் ஊகமே நிறைய. இருந்தாலும் போகிறவர்கள் கைகூப்பாத குறைதான்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் அடுக்கினேன். தச்சர் என் தோளைத் தட்டினார். கணினி தெரிந்தவன் என்பதால் மறுகட்டுமானத்துக்கு ஒரு மாதிரி வரைபடம் போடும் வேலையும் என்னிடம் வந்தது. ஆசையாகப் போட்டேன். முன்பக்கம் நீண்ட திண்ணை, உள்ளே பொதுக்கூடம், மது பரிமாற மரக்கூண்டு, மாடியில் நான்கு அறைகள், பின்னால் வண்டி நிறுத்துமிடம். வருகிறவர்களுக்குக் கழிப்பறை வேண்டுமே. கழிவுநீர்க் குழாய் எளிதாகச் சேரும் இடம் பார்த்து, பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் ‘கழிப்பறை’ என்று எழுதினேன். அந்த இடத்தில் அப்போது வெறும் புல்தான் இருந்தது.

புகைக்குழாய்க் கணக்கு

நடுவில் தோண்டுகிற வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு கிறுக்கே பிடித்துப்போயிற்று. ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரமாகக் கயிறு கட்டுவோம். மேல் மண் உழவு மண், அதில் எல்லாம் கலந்து கிடக்கும். அதற்குக் கீழே மண்ணின் நிறம் மாறும்போது நிறுத்திவிட வேண்டும். மன்செல் வண்ணப் புத்தகத்தை மண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எந்தப் பழுப்பு என்று எண் எழுத வேண்டும். ஒரு கம்பம் நட்டு அது உளுத்துப்போயிருந்தால், கம்பம் இருக்காது, அது இருந்த இடத்தில் கருப்பு வட்டம் ஒன்று இருக்கும். அந்த வட்டமும் ஒரு பொருள்தான் என்று எனக்குப் புரியவே ஒரு கோடை ஆயிற்று. எடுத்த மண்ணைக் கால் அங்குலக் கண் உள்ள சல்லடையில் கொட்டிக் குலுக்குவோம். சிப்பி ஓடு, எலும்பு, கரும்பச்சைக் கண்ணாடி, கையால் அடித்த ஆணி, வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் உடைந்த தண்டுகள். தண்டுகள்தான் ஏராளம். டாவர்னில் சிகரெட்டுத் துண்டு மாதிரி அவை.

அந்தத் தண்டுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் 1954இல் ஒன்றைக் கவனித்தார்: காலம் போகப் போகத் தண்டின் துளை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. துரப்பண ஊசியை உள்ளே விட்டு, அங்குலத்தில் 64இல் எத்தனை பங்கு என்று அளக்க வேண்டும். 1962இல் பின்ஃபோர்டு என்ற இன்னொரு ஆய்வாளர் இதை ஒரு சூத்திரமாக்கினார். சராசரித் துளையை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழித்தால் ஏறத்தாழ எந்த ஆண்டு என்று வரும். சராசரி ஐந்து என்றால் 1740ஐ ஒட்டி. ஒரே ஒரு தண்டை வைத்துச் சொன்னால் தப்பு, கை நிறைய வேண்டும். நான் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஒரு மழைக்கால மாலை முழுக்க ஊசியும் தண்டுமாக அளந்திருக்கிறேன். அலுவலகத்தில் எந்த எண்ணும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

இந்தப் பொருட்களுக்காகவே இரவில் உலோகங்காட்டியோடு வருகிறவர்களும் உண்டு. காலையில் போய்ப் பார்த்தால் புல்வெளியில் பத்துப் பதினைந்து ஓட்டைகள். ஒரு பொத்தானோ நாணயமோ போயிருக்கும். போனது அது மட்டுமா, அதைச் சுற்றியிருந்த மண்ணின் வரிசையும் கலைந்திருக்கும். பொத்தானைக் கூடத் திரும்ப வாங்கலாம், வரிசையை யாரிடம் வாங்குவது? அதனால்தான் பெரிய பலகை வைப்பதில்லை, நானும் ஊர்ப்பெயர் சொல்வதில்லை.

ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்தேன்

மூன்றாம் வருடம் வசந்தத்தில் நூலகர் ஒரு ஒளிநகலோடு வந்தார். டாவர்னை நடத்திய ஒருவர் இறந்தபோது அவர் சொத்துகளை எண்ணி நீதிமன்றத்தில் பதிவு செய்த பட்டியல். வர்ஜீனியாவில் இது கிடைப்பதே அதிர்ஷ்டம். உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுன்டிகள் தங்கள் பதிவேடுகளை மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிவைக்க, 1865 ஏப்ரல் தீயில் அவை அங்கே மொத்தமாகப் போய்விட்டன. எங்கள் கவுன்டிக்காரர்கள் அனுப்பச் சோம்பல்பட்டார்களோ என்னவோ, தப்பித்தது. வில்லியம்ஸ்பர்க்கில் வெதர்பர்ன் டாவர்னைச் சீரமைத்தபோது இதுபோன்ற ஒரு பட்டியலை வைத்துத்தான், எந்த அறையில் எத்தனை நாற்காலி என்பது வரை திரும்ப அமைத்தார்கள். எனக்கோ தங்கச் சுரங்கம் கிடைத்த மாதிரி. என் வரைபடத்துக்கு வேண்டிய மேசை நாற்காலியெல்லாம் அதில் இருக்குமே.

“உனக்குத்தான் கணினி வருமே, இதை அட்டவணையாகத் தட்டிக் கொடுத்துவிடு” என்றார் தொல்லியலாளர். சரி என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூன்று பத்திகள் போட்டேன். எண்ணிக்கை, பொருள், விலை. பழைய கையெழுத்து, ஆங்கில எஸ் சில இடங்களில் எஃப் மாதிரி தெரியும். பழகியதும் வேகம் பிடித்தது. பெரிய மேசை 1. தோல் நாற்காலி 12. மெழுகுவர்த்தித் தாங்கி. சீட்டு மேசை. இறகு மெத்தை. அடுத்த தாளில் சமையலறை. சமையலறை என்றால் தனிக் கட்டடம். தீ பயத்துக்காகவும் வெக்கைக்காகவும் அந்தப் பக்கத்தில் சமையலறையைப் பிரதான வீட்டை விட்டுத் தள்ளித்தான் கட்டுவார்கள். இரும்புப் பானை 2. இடுக்கி 1. அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர். பெயர் மட்டும், குடும்பப் பெயர் இல்லை. பக்கத்தில் “அவள் குழந்தை” என்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விலை, பவுண்டில். அதற்கடுத்த வரி ஒரு சாம்பல் நிறக் குதிரை.

எனக்கு இது தெரியாதா? தெரியும். இந்த நாட்டில் இருபது வருடம் இருக்கிறேன், அடிமை முறையைப் பற்றி அருங்காட்சியகங்களில் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று இரவு என் விரல்கள் நிற்க வேண்டியதாயிற்று. காரணம் மிகச் சின்னது. கர்சர் துடித்துக்கொண்டிருந்த பத்தியின் தலைப்பு ‘பொருள்’. நான் போட்ட தலைப்பு. அதன் கீழே அந்தப் பெயரைத் தட்ட வேண்டும். எண்ணிக்கையில் என்ன போடுவது, ஒன்றா இரண்டா? இருநூற்று ஐம்பது வருடத்துக்கு முன் அந்தத் தாளை எழுதியவரும் இதே இடத்தில் இறகுப் பேனாவை வைத்திருப்பார். அவர் நின்றிருக்கமாட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. நான்காவதாக ஒரு பத்தி சேர்த்து ‘மனிதர்’ என்று போட்டுப் பார்த்தேன். அது பட்டியலைத் திருத்துவதாக, ஒரு பொய்யாகப் பட்டது. அழித்தேன். மறுபடி போட்டேன். மணி இரண்டாகிவிட்டது. கடைசியில் எழுதியது எழுதியபடி ‘பொருள்’ என்பதன் கீழேயே தட்டிவிட்டு, அந்த வரிகளுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்து மூடிவைத்தேன்.

அந்தச் சமையலறை எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் பின்பக்கம் வலது ஓரத்தில் சோதனைக் குழிகள் போட்டோம். இரண்டாவது குழியில் சாம்பலும் கரியும் எலும்புமாக வந்தது. பெரிய செங்கல் கணப்பின் அடிப்பகுதி தெரிந்தது. கணப்புக்கு முன்னால், முழங்கை நீளத்துக்கு ஒரு சின்னச் செவ்வகப் பள்ளம். வர்ஜீனியாவில் அடிமைகள் வாழ்ந்த இடங்களில், தரைக்கு அடியில் கணப்பருகே இப்படிப் பள்ளங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. சர்க்கரைவள்ளிக் கிழங்கு உறையாமல் வைக்க என்பார்கள், சொந்தமாக நாலு சாமான் பத்திரப்படுத்த என்பார்கள், வழிபாட்டுக்கு என்பவர்களும் உண்டு. எங்கள் பள்ளத்தில் ஒரு நீலக் கண்ணாடி மணி, கொஞ்சம் மீன் எலும்பு, ஒரு எலும்புப் பொத்தான். முன்பக்கக் கூடத்தில் கிடைத்த பீங்கான்களுக்கு முன்னால் இவையெல்லாம் ஒன்றுமே இல்லை.

தொல்லியலாளர் குழியின் நான்கு மூலையையும் அளந்து சொல்லச் சொல்ல, மடிக்கணினியில் என் வரைபடத்தின் மேல் குறித்தேன். குறித்து முடித்ததும் சதுரம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கணப்பு, பள்ளம், மணி கிடைத்த புள்ளி, எல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள். நான் அவரிடம் திரையைக் காட்டவில்லை. அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

நகர்த்தலாமே என்றார்

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். பேச்சு கொஞ்சம் உணர்ச்சிகரமாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன், குரல் வேறு நடுங்கியது. தச்சர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “கழிப்பறையை இந்தப் பக்கம் நகர்த்தலாமே” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சமையலறையையும் சேர்த்தே கட்டுவோம், அந்தப் பெண்ணின் பெயரை வாசலில் எழுதுவோம் என்றார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை, சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

தொல்லியலாளர்தான் பேசினார், வழக்கம்போல உணர்ச்சியே இல்லாமல். வில்லியம்ஸ்பர்க்கைத் திரும்பக் கட்டிய காலத்தில் குறுக்கு அகழி போட்டுத் தேடினார்கள். ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் சாய்வாக வரிசை வரிசையாக அகழிகள், செங்கல் தட்டும் வரை. செங்கல் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மண்ணின் நிறத்தையோ, கம்பம் உளுத்த கருப்பு வட்டங்களையோ அவர்கள் தேடவில்லை. மரக் கம்பம் நட்டுக் கட்டிய குடிசைகளின் தடங்கள் அப்படியே வெட்டுப்பட்டுப் போயின. யார் யார் அப்படிப்பட்ட குடிசைகளில் இருந்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. “அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அன்றைக்கு என்ன தெரிந்ததோ அதைச் செய்தார்கள். நமக்குத் தெரியாதது எது என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நாங்கள் தோண்டியது மொத்த இடத்தில் ஒரு மூலைதான். கட்டடம் என்று ஆரம்பித்தால் அஸ்திவாரம், குழாய், மின்கம்பி என்று மீதியும் போய்விடும், கழிப்பறையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும்.

கட்டுவதில்லை என்று முடிவாயிற்று. ஓட்டு நெருக்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பதிலாக, இனி யார் கைக்கு இந்த நிலம் மாறினாலும் அதில் எதுவும் கட்ட முடியாதபடி மாநிலத்தின் வரலாற்று வளத் துறையோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போடுவதற்கான காகித வேலையில் இறங்கினார்கள். காகிதம் என்றால் அப்படி ஒரு காகிதம். தச்சர் இரண்டு மாதம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வேலிக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி.

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் ஒரு பள்ளி வண்டி வந்தது. பிள்ளைகள் இறங்கி, புல்லைப் பார்த்தார்கள். “எங்கே?” என்று ஒரு பையன் கேட்டான். இங்கே என்று காலடியைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மூன்று வருடத்துக்கு முன் நான் தொல்லியலாளரைப் பார்த்த அதே பார்வை. அவனிடம் நீல மணியின் படத்தைக் காட்டினேன், பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அதற்குள் வண்டி கிளம்ப மணி அடித்துவிட்டது. கணப்பும் கூரையும் அடுப்பும் அங்கே நின்றிருந்தால் அவனிடம் இன்னும் நிறையப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. தச்சரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சமையலறைக் குழியை அக்டோபர் கடைசியில் மூடினோம். முதலில் அடியில் துணி மாதிரி ஒரு விரிப்பு போடுவோம், நீர் இறங்கும், மண் கலக்காது. அதன்மேல் அந்த வருடத்து நாணயம் ஒன்றை வைப்பது வழக்கம். என்றைக்காவது யாராவது மறுபடி தோண்டினால், இந்த ஆழம் வரை ஏற்கெனவே தோண்டியாயிற்று, இன்ன வருடத்துக்குப் பிறகு மூடியிருக்கிறார்கள் என்று தெரியவேண்டும் இல்லையா. “யாரிடமாவது காசு இருக்கிறதா?” என்றார் தொல்லியலாளர். எல்லோரும் பையைத் துழாவினோம். அட்டை இருந்தது, கைபேசி இருந்தது, காசு இல்லை. தாதிகளில் ஒருவர் காருக்குப் போய், இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு கால் டாலர் நாணயத்தைக் கண்டெடுத்து வந்தார். துடைத்துப் பார்த்தால் 1998. வேறு இல்லை. சரி, பரவாயில்லை, பொய் சொல்லவில்லையே, 1998க்குப் பிறகுதானே மூடுகிறோம் என்று தொல்லியலாளர் அதையே கணப்புக்கு முன்னால் வைத்தார். குறிப்பேட்டில் அன்றைய தேதியை நான் எழுதினேன். தச்சர் முதல் மண்வெட்டி மண்ணைத் தள்ளினார்.